மாப்பிள்ளை சோபாவில் அரை மணி நேரம்

அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்க ஐயா, எந்திரிச்சுப் போயிடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போகிறது அந்த நர்ஸ் அம்மணி, தலையிலிருந்து கால் வரைக்கும் நீல உறை, கண் மட்டும்தான் வெளியே, அறுபது வயது என்றாலும் நம்புவேன், இருபது என்றாலும் நம்புவேன். எங்கே எழுந்து போகப் போகிறேன். போக ஆசைப்படுகிற ஊர் ஒன்றுதான், கோபிப் பக்கம், அதற்கு இங்கே கோவையிலிருந்து கிளம்ப பாஸ் வேண்டும் என்கிறார்கள். கல்யாண மண்டபத்தைத் தடுப்பூசி போடுகிற இடமாக்கியிருக்கிறார்கள், கீழே போட்ட நாற்காலிகள் நிரம்பிவிட்டன என்று என்னை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். மேடையில் மணமக்கள் உட்காருகிற சிவப்பு சோபா, இரண்டு பேருக்கானது, அதில் ஒரு பாதியில் பெருக்கல் குறி போட்ட காகிதத்தை ஒட்டியிருக்கிறார்கள், இடைவெளி விட்டு உட்காரவாம். நான் மாப்பிள்ளைப் பாதியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுபத்தி மூன்று வயது மாப்பிள்ளை, இடது கையில் பஞ்சு, பக்கத்தில் பொண்ணு இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. நாச்சம்மாள் இதைப் பார்த்தால் சிரிப்பாள். அவள் பங்குனியில் கோபிப் பக்கம் போனவள். அங்கே இருக்கிற அவள் தங்கச்சி தெய்வானை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு என்று கேட்டதும், பத்து நாளில் வாரேனுங்க என்று ஒரு பையோடு பஸ் ஏறினாள், பிறகு ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது, வீட்டில் நானும் கேஸ் அடுப்பும்தான். அடுப்பிடம் நான் நன்றாகத்தான் கதை அளக்கிறேன், ஆனால் அது அப்புடீங்களா என்று இழுத்துக் கேட்பதில்லை.

அந்த அப்புடீங்களாவை எப்படிச் சொல்வது. நான் பம்பு மோட்டார் விற்றவன், உடுமலை முதல் சத்தியமங்கலம் வரை நான் ஏறாத வரப்பு கிடையாது, மோட்டாரை எவனும் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை, கதையைக் கேட்டுத்தான் வாங்குவான், அதனால் கதை எனக்குத் தொழில் கொடுத்த சொத்து. பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு மாமனாரிடம் அளந்துகொண்டிருந்தேன், பொள்ளாச்சியில் நான் மாட்டிக் கொடுத்த அஞ்சு எச்பி மோட்டார் இழுத்த இழுப்பில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியும் சேர்ந்து வந்துவிட்டது, வாய்க்காலில் வந்து விழுந்த தவளையெல்லாம் தலை சுற்றி ஒரு மணி நேரம் வடக்கும் தெற்கும் தெரியாமல் கிடந்தது என்று. மாமனார் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்தவள் டம்ளரை வைத்துவிட்டு, நிமிராமலே, “அப்புடீங்களா, தலை சுத்துச்சுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா, தவளையா?” என்றாள். அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன். நாற்பத்தியாறு வருஷம் என்னை ஒரு நாள் விடாமல் நம்பாமல் இருந்தவள். நம்பாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும் ஐயா, நம்புகிறவன் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவான், நம்பாதவள்தான் கூடவே உட்கார்ந்து அப்பறம் என்ன ஆச்சு என்று நோண்டுவாள். எனக்கு இப்போது அந்தக் குரல் பக்கத்தில் வேண்டும் போல இருக்கிறது, சாப்பாடுகூட அப்புறம்தான். ஆனால் பாருங்கள், இந்த ஒரு நாள், இந்த ஒரு நாள் மட்டும், அவள் என்னை நம்பித் தொலைக்க வேண்டும்.

ஏனென்றால் அங்கே தெய்வானை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இன்று மத்தியானம் வரைக்கும்தான் ஊசி, அப்புறம் மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதே தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் ஆளைத் தூக்கிக்கொண்டு போயாயிற்று, நாச்சம்மாளுக்குச் சர்க்கரை, அதுவும் லேசான சர்க்கரை இல்லை. காலையில் போனில் சொன்னாள், “நீங்க மொதல்ல போட்டுக்குங்க, அரை மணி நேரம் உக்காந்து பாத்துப்போட்டுக் கூப்புடுங்க, அப்பறம் ரோசனை பண்றேன்.” சரி என்றேன். “ஆனா ஒண்ணும் ஆகலைன்னு நீங்க சொன்னா அதை நம்பறதுக்கு நான் என்ன நேத்து வந்தவளா?” என்றும் சொன்னாள்.  கையை எட்டிப் பார்க்கிறேன், பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம், சுற்றிலும் லேசாகச் சூடு, சூடா, இல்லை நான் நினைப்பதால் சூடா, விரல் நுனியில் என்னமோ ஊறுகிற மாதிரி இருக்கிறது, சோபா வெல்வெட்டின் குறுகுறுப்பாக இருக்கும், எத்தனை மாப்பிள்ளை வியர்த்திருப்பான் இதில். நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதா என்று கவனிக்க ஆரம்பித்தால் நெஞ்சு ஒழுங்காக அடிப்பதில்லை, அது கவனிக்காமல் விட வேண்டிய சாமான்.

அவள் இப்படித் தயங்குவது ஒரு வாட்ஸாப் குரலால், அதை நாச்சம்மாள்தான் எனக்கும் அனுப்பினாள், அவளுக்கு யார் அனுப்பினார்களோ. போனைக் காதோடு ஒட்டி இன்னொரு தரம் கேட்கிறேன். ஒரு பொம்பளைக் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறது, நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை செய்யறேன், பேரு சொன்னா வேலை போயிரும், சர்க்கரை இருக்கறவங்க தயவுசெஞ்சு இந்த ஊசி போடாதீங்க, சர்க்கரை மாத்திரையும் இந்த மருந்தும் ஒடம்புக்குள்ள சேந்தா ரத்தம் தயிராட்டம் ஒறையுது, எங்க கண் முன்னாடியே பாக்கறோம், வெளிய சொல்ல விடமாட்டேங்கறாங்க, உங்க சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்புங்க. பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது. தொழில்காரன் தொழில்காரனுக்குக் கும்பிடு போட வேண்டும், நான் அந்தக் குழந்தைக்குக் கும்பிடு போட்டேன், ஆஸ்பத்திரியிலிருந்து ரகசியமாகப் பேசுகிறவளுக்குப் பின்னால் குழந்தை எதற்கு, ஒன்றுக்கும் இல்லை, கேட்கிறவன் வயிற்றைக் கலக்குவதற்கு, நான் தவளையைச் சேர்த்த மாதிரி. தயிர் என்கிறாள் பாருங்கள், எந்த வீட்டில் தயிர் இல்லை, ராத்திரி உறை ஊற்றினது காலையில் கெட்டியாக நிற்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அதனால் ரத்தத்தையும் பார்த்துவிட்டார்கள். எந்த ஊர் என்று இல்லை, எந்த நாள் என்று இல்லை, போய்க் கேட்க ஆள் இல்லை. கேட்டால் வேலை போயிரும். கேள்வியே வர முடியாதபடி முன்கூட்டியே கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள். நான்கூட இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சாத்தினதில்லை, நாச்சம்மாள் நுழைகிற மாதிரி ஒரு சந்து எப்போதும் விட்டுத்தான் வைப்பேன், அவள் நுழையாவிட்டால் கதையில் என்ன ருசி. ஆனாலும், ஆனாலும், இதையெல்லாம் இத்தனை தெளிவாகப் பார்த்த பிறகும் அந்தக் குரலை இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டுக் கேட்கத்தான் செய்கிறேன். நிஜமாக இருந்துவிட்டால்? நான் போ போ என்று சொல்லி அனுப்பி, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கீழே சண்டை. மேடைக்குக் கீழே மேஜை போட்டு இரண்டு டாக்டர்கள், ஒருவர் தலை நரைத்தவர், இன்னொன்று சின்ன வயதுப் பெண், மைக் செட் இல்லாத மண்டபத்தில் முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்திப் பேசினால்தான் கேட்கும், அதனால் ஊருக்கே கேட்கிறது. “ரெண்டாவது ஊசிக்குப் பன்னண்டு வாரம் விட்டாத்தான்மா எதிர்ப்பு சக்தி நல்லா ஏறுது, ஆராய்ச்சியில அப்படித்தான் வந்திருக்கு” என்கிறார் பெரியவர். “அது பழைய கிருமிக்கு சார். இப்ப சுத்தறது வேற. ஒரு ஊசியோட வயசானவங்களை மூணு மாசம் வெளிய விட்டா தாங்காது, எட்டு வாரத்துல குடுக்கணும்” என்கிறது பெண். “உன்கிட்ட நம்ம ஊர்க் கணக்கு இருக்கா?” “இல்ல சார். வெளிநாட்டுக் கணக்குதான். உங்ககிட்ட இந்தப் புதுக் கிருமிக்குக் கணக்கு இருக்கா?” பெரியவர் மேஜையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், “இல்ல. வரட்டும். நீ சொல்ற மாதிரி வந்தா நான் மாத்திக்கறேன். மருந்து பத்தலைங்கறதும் இதுல ஒரு காரணம்னு எனக்குத் தெரியாம இல்ல” என்றார். இரண்டு பேரும் டீயைத் தூக்கினார்கள், குடிக்க முகக்கவசத்தை எடுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து இரண்டு பேரும் கீழே வைத்தார்கள். இதைத்தான் நாச்சம்மாள் சொல்கிறாள், “மொதல்ல நாலு வாரம்னாங்க, அப்பறம் ஆறு, இப்பப் பன்னண்டு. மாஸ்க் வேண்டாம்னாங்க, வேணும்னாங்க. பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவுன்னாங்க, நானும் பைத்தியக்காரியாட்டம் கழுவினேன், இப்பக் காத்துல வருதுங்கறாங்க. அவிங்களுக்குள்ளயே ஒத்துப்போகல, அந்த வாட்ஸாப்புப் பொம்பளை ஒரே பேச்சா நிக்கறா.” ஒரே பேச்சாக நிற்கிறாள், அதுதான் நாச்சி, அதுதான் எனக்கு இடிக்கிறது. என் தவளை நாற்பத்தியாறு வருஷமாக ஒரே பேச்சாக நிற்கிறது, ஒரு தரம்கூடத் தலை சுற்றாமல் போனதில்லை.

மருதாசலம் இருந்தால் சொல்லுவான். மருதாசலம் எங்கள் கம்பெனி பிட்டர், நான் விற்பேன் அவன் மாட்டுவான், முப்பது வருஷம் ஒரே மோட்டார் சைக்கிளில் போனோம். ஒரு தோட்டத்துக்குப் போனால் எங்களுக்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவன் வந்திருப்பான், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடப்பான், தேங்காய் நட்டுக்கொண்டு நின்றால் அங்கே தண்ணி. போர் போடுவார்கள். தண்ணி வந்தால் தேங்காய் காட்டிற்று. வராவிட்டால், நான் சொன்ன இடத்துக்கு ஒரு முழம் கிழக்கே தள்ளிப் போட்டுட்டீங்க, இல்லை உங்க பொண்டாட்டி தீட்டோடு காட்டுக்குள் வந்துவிட்டாள் என்பான். கிணறுதான் வறளும், தேங்காய் ஒரு நாளும் தப்பாகாது. மருதாசலமும் இன்னொரு பிட்டரும் அடித்துக்கொள்வார்கள் பாருங்கள், அது வேறு, தண்ணி நூற்றைம்பது அடியில் நிற்கிறது ஆறு ஸ்டேஜ் பம்பு போதும் என்பான் ஒருவன், இல்லை இருநூறில்தான் நிற்கிறது எட்டு ஸ்டேஜ் போடு என்பான் இன்னொருவன், கெட்ட வார்த்தையெல்லாம் வரும், தோட்டக்காரர் பயந்துபோய் ரெண்டு பேருக்கும் தெரியல போலிருக்குது என்று என்னைப் பார்ப்பார். ஆனால் மருதாசலம் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவான். நனைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “நான் சொன்னது தப்புங்க, அவன் சொன்னதுதான்” என்று சொல்லி அதே கையோடு வேலையை ஆரம்பிப்பான். தனியாக நிற்பவனெல்லாம் பொய்யன் என்று சொல்ல மாட்டேன், காற்றில் பரவுகிறது என்று மொதல்ல சொன்னவர்களும் கொஞ்சம் பேர்தானாம், பெரிய பெரிய ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம், அவர்கள் இந்தா கயிறு, நீயும் இறக்கிப் பார் என்று நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், கடைசியில் மற்றவர்கள் வாங்கி இறக்கிப் பார்த்தார்கள். தேங்காய்க்காரன் தேங்காயை நம் கையில் கொடுக்க மாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம், எவ்வளவு சுலபம், என்று இங்கே நிறுத்திக்கொண்டால் நான் பெரிய அறிவாளி.

நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் போன மாதம் செத்தது மருதாசலம். காய்ச்சல் என்று போன் செய்தான், ஆஸ்பத்திரிக்குப் போடா என்றேன், “வேண்டாமப்பா, வாட்ஸாப்புல வந்துச்சு, மூச்சை இழுத்துப் பத்து எண்ணற வரைக்கும் இருமாம நின்னா நுரையீரல்ல ஒண்ணுமில்லையாம், நான் இருபது எண்ணினேன், கிண்ணுன்னு இருக்குது” என்றான். அளந்து பார்த்தானாம். கயிறு இறக்கினவன்தான், அதனால்தான் அவனைப் பிடித்தது அது, தேங்காயோடு வந்திருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பான், கயிறு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தது, எண் இருந்தது, சோதனை இருந்தது, யார் திரித்த கயிறு என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டான். கடையில் வாங்கின கயிற்றையே கையால் முழம் போட்டுப் பார்த்த பிறகுதான் கிணற்றில் விடுவான் அவன். அந்த வீட்டில் தனியாக, காய்ச்சலில், எதிர்த்துச் சண்டை போட ஒரு பிட்டர்கூட இல்லாமல், எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு இரண்டு நாளை விட்டுவிட்டான். எரிக்கிற இடத்துக்கு எங்களை விடவில்லை. இந்த மோட்டார் கதையில் நீ தவளையைக் கொஞ்சம் அதிகமாக விடுகிறாய் என்று சொல்ல இனிமேல் அவனும் கிடையாது. கீழே அந்த இரண்டு டாக்டர்களும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், நான் சோபா நுனிக்கு நகர்ந்து காதைக் கொடுக்கிறேன், சண்டை போடுங்க சாமிகளா, விடாதீங்க, நிறுத்திவிடாதீங்க.

மேடையிலிருந்தே கூப்பிட்டேன், இடம் விட்டு நகரக் கூடாதல்லவா. “டாக்டர் அம்மணி! ஊட்டுக்காரிக்குச் சர்க்கரைங்க, முந்நூறுக்கு மேல ஏறும், இன்னிக்கு மொதல் ஊசி போடலாமுங்களா, வேண்டாமுங்களா?” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். “போடணும்” என்றது பெண். “இன்னிக்கே போடச் சொல்லுங்க, சர்க்கரை இருக்கறவங்களுக்கு நோய் வந்தாத்தான் பெரிய ஆபத்து, மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்” என்றார் பெரியவர். அப்படியென்றால் இதில் சண்டை இல்லை. “ரெண்டாவது ஊசி எப்பங்க?” என்றேன், உடனே ஒருவர் பன்னிரண்டு என்றார், ஒருத்தி எட்டு என்றாள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கினதில் தெரிந்தது. “காய்ச்சல் வருமுங்களா?” “வரலாம், வராமலும் போகலாம்.” “போட்டுட்டா நோயே வராதுங்களா?” “அப்படிச் சொல்ல முடியாது ஐயா. வந்தாலும் பெரும்பாலும் தாங்கிக்கலாம்.” இப்படி மோட்டார் விற்றால் ஒரு மோட்டார் விற்காது.

போனைப் போட்டேன். ஒரே மணியில் எடுத்தாள், கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். “என்ன பண்ணுது?” என்றாள். எத்தனை கதை வந்து நாக்கில் நின்றது, கை தேக்குக்கட்டை மாதிரி உறுதியாகிவிட்டது, பக்கத்திலிருந்த தொண்ணூறு வயசுக்காரர் ஊசி போட்டதும் ஓடினார், ஒன்றை எடுத்து விட்டால் போதும், ஆனால் அவள் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள், எடுத்ததும் பிடித்துவிடுவாள், பிடித்ததும் போக மாட்டாள். “கை கொஞ்சம் சூடா இருக்குது நாச்சி. வெரல்ல ஊறுச்சு, அது இந்த சோபாவாக்கூட இருக்கும், தெரியல” என்றேன். “தெரியலையா?” என்றாள். “நீ போட்டாக் காய்ச்சல் வருமான்னு கேட்டேன், தெரியலைன்னாங்க. ரெண்டாவது எப்பன்னு கேட்டேன், ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எனக்கு எது சரின்னு தெரியல. இன்னிக்கு நீ போட்டாகோணும்னு மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னாங்க. எனக்குப் பயமாத்தான் இருக்குது. போடாம உன்னை அந்தத் தெருவுல விட்டு வெக்கறது அதைவிடப் பயமா இருக்குது.”  அந்தப் பக்கம் தெய்வானை வீட்டுக் கோழி ஒன்று கொக்கரிக்கிறது. “நெசமாலுமே தெரியலைங்கறீங்களா?” “நெசமாலும்.” “எத்தனை தெரியல சொல்றீங்க இன்னிக்கு. ஒடம்பு நல்லாத்தான இருக்குது உங்களுக்கு?” என்றாள், அப்புறம், “இருங்க, வெக்காதீங்க, சேலையை மாத்திட்டு வாரேன்” என்றாள்.

வைக்கவில்லை. ஐயா நேரம் முடிஞ்சுது, கிளம்பலாம் என்று நீல உறை அம்மணி வந்து சொல்கிறது, கொஞ்சம் இரும்மா என்று கையைக் காட்டுகிறேன். காதுக்குள் தாழ்ப்பாள் விழுகிறது, செருப்புச் சத்தம், நாச்சம்மாளுக்கு வலது கால் கொஞ்சம் இழுத்து வரும், இரண்டு மாதமாக நான் கேட்காத சத்தம், மண் ரோட்டில் அது சரக் என்று தேய்கிறது, சிமெண்டில் வேறு மாதிரி, யாரோ எங்க போறீங்கக்கா என்று கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு என்கிறாள், மூச்சு வாங்குகிறது, மெல்லப் போ என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருக்கிறேன், பேசினால் நடக்கிற சத்தம் போய்விடும். அப்புறம் கூட்டம், பேர் கேட்கிற குரல். சர்க்கரை இருக்குதுங்களா பெரியம்மா என்று யாரோ கேட்க, “இருக்குது கண்ணு, ஊட்டுக்காரரு போட்டுக்கலாமுங்கறாரு, மத்தபடி அவருக்கே ஒண்ணும் தெரியலையாம்” என்கிறாள், சிரிக்கிறார்கள். போனை எங்கேயோ வைத்துவிட்டாள், பையாக இருக்கும், எல்லாம் தண்ணிக்கு அடியில் பேசுகிற மாதிரி கேட்கிறது, நானும் தண்ணிக்கு அடியில் இருக்கிறேன், மூச்சை எண்ணக் கூடாது, எண்ணக் கூடாது. “ஏனுங்க” என்கிறது குரல், பக்கத்தில், அவ்வளவு பக்கத்தில். “போட்டாச்சுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான். இங்கயும் அரை மணி நேரம் உக்காரோணுமாம், பெஞ்சுல குந்த வெச்சிருக்காங்க. சும்மா இருந்தாப் பொழுது போகாது, ஏதாச்சும் ஒரு பொய் சொல்லுங்க கேப்போம்.” மண்டபத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள், அடுத்த கூட்டம் உள்ளே வருகிறது, எனக்கு உடுமலையும் வரவில்லை, பொள்ளாச்சியும் வரவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். “நீ இல்லாம நான் இங்க நல்லாவே இருக்கேன் நாச்சி.” அவள் சிரிக்கவில்லை. “இது எடுபடலீங்க” என்றாள். “இன்னொருக்கா சொல்லுங்க.”